ஆறு யூனிட் மணலும் ஓர் எடைச் சீட்டும்: அதிகப் பாரம் ஏற்றிய லாரி ஏன் ஆபத்தானது?

வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் 6 யூனிட் சொல்லியிருந்தேன். மணல் விஷயத்தில் அளவைக் குறைத்துவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் பயமுறுத்தியிருந்ததால், குவாரியிலிருந்து கிளம்பிய லாரியோடு நானும் எடை மேடை வரை போனேன். பத்துச் சக்கர டிப்பர் அது. மேடையில் ஏறி நின்றபோது இரும்புத் தகடு ஒருமுறை முனகியது. ஜன்னல் வழியாக நீட்டிய சீட்டில் மூன்று எண்கள் இருந்தன. மொத்த எடை 39,240 கிலோ. காலி எடை 11,860 கிலோ. நிகர எடை 27,380 கிலோ.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் என்றால், ஈரத்தைப் பொறுத்து, யூனிட்டுக்குச் சுமார் நாலரை டன் வரும். ஆறு யூனிட்டுக்கு 27 டன். கொடுத்த காசுக்கு மணல் வந்துவிட்டது என்ற நிம்மதியோடு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எடை மேடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் கணக்கு சரி தம்பி. வண்டியின் கணக்கைப் பார்த்தீர்களா? இதற்குப் பாஸிங் இருபத்தெட்டுதான்" என்றார்.

சரக்கோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதித்த எடை 28 டன், சீட்டில் இருந்ததோ 39. அந்த 11 டன் வித்தியாசம் சாலையில் என்ன செய்யும் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. பிறகு யோசித்தேன், படித்தேன், லாரிக்காரர்களிடம் கேட்டேன். இந்த விஷயத்தை இதுவரை எட்டிப் பார்க்காதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

பாஸிங் என்றால் என்ன

ஒரு லாரியின் பதிவுச் சான்றிதழில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று காலி வண்டியின் எடை. மற்றொன்று வண்டியும் சரக்கும் சேர்ந்து அதிகபட்சம் இருக்கக்கூடிய மொத்த எடை. இந்த இரண்டாவது எண்ணைத்தான் லாரித் தொழிலில் 'பாஸிங்' என்கிறார்கள். பத்துச் சக்கர லாரிக்கு இது 28 டன் அளவில் இருக்கும். காலி வண்டியே 12 டன்னை நெருங்குவதால் சரக்குக்கு மிஞ்சுவது 16 டன்தான். எம்-சாண்ட் கணக்கில் சொன்னால் மூன்றரை யூனிட். நான் கேட்டதோ ஆறு.

இந்த வரம்பை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து மனம்போன போக்கில் எழுதிவிடவில்லை. ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்துதான் அது வருகிறது. இந்தியாவில் 2018 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை அச்சுக்கு 19 டன் என்பது 21 ஆனது. புதிய லாரிகளின் பொறியியல் மேம்பட்டிருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதாவது, வண்டியால் நியாயமாகச் சுமக்க முடிந்ததெல்லாம் ஏற்கெனவே கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது. "கம்பெனிக்காரன் எப்படியும் பாதியை ஒளித்துவைத்துத்தான் எழுதியிருப்பான்" என்று லாரி ஸ்டாண்டுகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். அது தப்பு. முறியாமல் ஓடுவது வேறு, நினைத்த இடத்தில் நிற்பது வேறு.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மொத்த எடை சரியாக இருந்தாலும், சரக்கு ஒரே பக்கம் குவிந்திருந்தால் ஓர் அச்சு மட்டும் அளவுக்கு மேல் அழுந்தும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பும். மூட்டையை அரை முழம் முன்னே பின்னே நகர்த்தி நடுவில் நிறுத்திய பிறகுதான் மாட்டைத் தட்டுவார்கள். லாரியிலும் அதே கதைதான். பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரங்கள் சாலையைப் பிடிக்கும் அழுத்தம் குறையும். ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும்.

நிற்காத வண்டி

எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் சிறுவயதில் நான் அதிகம் பார்த்தது வடம் பிடிப்பவர்களை அல்ல, முட்டுக்கட்டை போடுபவர்களைத்தான். தேரை நகர்த்த ஆயிரம் பேர் சேர்ந்து இழுக்கலாம். உருளத் தொடங்கிவிட்ட தேரை நிறுத்த, ஓடும் சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கட்டையைச் செருகும் நாலைந்து பேர் வேண்டும். தேர் பெரிதாகப் பெரிதாக அவர்களின் வேலை கடினமாகிக்கொண்டே போகும். அதிகப் பாரத்தின் முதல் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு லாரி, அதற்குரிய 28 டன்னோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஓட்டுநர் பிரேக்கை முழுவதும் மிதிக்கிறார். ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 18 கிலோமீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 28 மீட்டரில் வண்டி நின்றுவிடும். இப்போது அதே லாரி, அதே பிரேக், ஆனால் என் மணலோடு 39 டன். பிரேக் கொடுக்கும் பலம் மாறவில்லை, தடுக்க வேண்டிய எடைதான் கூடியிருக்கிறது. நிற்க 39 மீட்டர் தேவைப்படும்.

கூடுதலாக 11 மீட்டர். ஏறக்குறைய ஒரு அரசு பஸ்ஸின் நீளம்.

"11 மீட்டர்தானே" என்று தோன்றலாம். ஆனால் இதை இப்படிப் பாருங்கள். சரியான பாரத்தோடு வந்த லாரி முழுவதும் நின்றுவிட்ட அந்த இடத்தில், 39 டன் லாரி இன்னும் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டி அங்கே நின்றிருந்தால், ஒரு லாரி அவருக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். இன்னொரு லாரி அவரை மோதித் தள்ளிவிட்டுப் போயிருக்கும். ஓட்டுநரின் கவனம், பிரேக் மிதித்த நேரம், சாலை எல்லாம் ஒன்றுதான். பாரம் மட்டும் வேறு.

பாரம் கூடினால் டயர் சாலையை இன்னும் அழுத்திப் பிடிக்கும், அதனால் நன்றாகத்தான் நிற்கும் என்று சிலர் வாதாடுவார்கள். பாதி உண்மை. டயருக்கும் தாருக்கும் இடையே பிடிப்பு கூடும்தான். ஆனால் அந்தப் பிடிப்பைப் பயன்படுத்த வேண்டிய பிரேக்கின் அளவு கூடவில்லை. சக்கரத்தோடு சுழலும் ட்ரம்மும், அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனரும் தொழிற்சாலையில் 28 டன்னுக்காகச் செய்த அதே அளவில்தான் இருக்கின்றன. பிரேக் புதிதாகவும் குளிர்ந்தும் இருக்கும்போது ஓரளவு தாக்குப்பிடிக்கும். சூடேறிய பிறகுதான் உண்மை வெளிவரும்.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. 39 டன் லாரி ஒரு மலைப்பாதையில் 100 மீட்டர் உயரம் இறங்கினால், அதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒன்பது குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான பாரமாக இருந்தால் ஆறு குடம். இதில் ஒரு பங்கை என்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக் ட்ரம்களின் தலையில்தான் விழும். சூடான ட்ரம் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனரும் சூட்டில் பிடிப்பை இழக்கும். கருகும் வாசனை வரும், புகை வரும். ஓட்டுநர் மிதிப்பார், கால் கீழே போகும், வண்டி கேட்காது. 'பிரேக் ஃபெயிலியர்' என்று செய்தித்தாளில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான். அது திடீரென்று வரும் விபத்து இல்லை. குவாரியில் பக்கெட் கூடுதலாக விழுந்தபோதே தொடங்கிவிட்டது.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தமிழ்நாட்டில் கனரக லாரி ஓட்டும் எவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நீளமான இறக்கம், இடையிடையே வளைவு. 2020 டிசம்பரில், ஏற்கெனவே நடந்திருந்த ஒரு விபத்தால் அங்கே வாகனங்கள் வரிசையாக நின்றிருந்தன. சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று நிற்க முடியாமல் அந்த வரிசைக்குள் புகுந்து பத்துக்கும் மேற்பட்ட கார்களை நசுக்கியது. 4 பேர் இறந்தார்கள். அந்த லாரியில் எவ்வளவு பாரம் இருந்தது என்பது வேறு விஷயம். கனத்த வண்டி இறக்கத்தில் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இடமே சாட்சி.

தொப்பூரில் இன்னொரு பழக்கமும் உயிர்களை வாங்கியிருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிடுவது. கியரில் இருக்கும்வரை என்ஜினும் சேர்ந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டவுடன் அந்த உதவி அறுந்துபோகும். மொத்த எடையும் பிரேக்கின் பொறுப்பாகும். அதிகப் பாரமும் நியூட்ரலும் சேர்ந்தால் தப்பிப்பது அபூர்வம். குறைந்த கியரில், என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, மெதுவாக இறங்குவதே ஒரே வழி. முதல் வளைவுக்கு முன்பே அந்த முடிவை எடுத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு கனத்த லாரியில் கியரைக் குறைக்க முயன்றால், பெரும்பாலும் கியர் விழாது.

கவிழ்வது, வெடிப்பது, கொட்டுவது

எடை எவ்வளவு என்பதோடு எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார், கரும்பு போன்ற சரக்குகள் வண்டியின் பக்கவாட்டுப் பலகைக்கு மேலே இன்னொரு மாடி போலக் கட்டப்படும். உயரம் கூடக்கூட, வளைவில் வெளிப்பக்கம் தள்ளும் விசை வண்டியைச் சாய்ப்பது எளிதாகும். வெறும் வண்டியில் சாதாரணமாகத் திரும்பிய அதே வளைவில், அதே வேகத்தில், உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பும். அதை ஓட்டுநர் உணரும்போது, திருத்த நேரம் இருக்காது.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு லாரி அங்கே கவிழ்ந்தாலோ திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டாலோ இரு மாநிலப் போக்குவரத்தும் மணிக்கணக்கில் நின்றுவிடும். வன விலங்குகளைக் காப்பாற்றுவதற்காகத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியதோடு, 16.2 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கும் தடை விதித்தது. அளவுக்கு மேல் கட்டிய கரும்பு லாரியிலிருந்து உருவி எடுக்கலாம் என்று யானைகள் சாலையோரம் காத்து நிற்பது அங்கே பழக்கமான காட்சி. அந்த ருசிக்குப் பழகிய யானை நெடுஞ்சாலையைவிட்டுப் போவதில்லை. அதற்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரம் கூடினால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலே சூடு. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் ரோடு, மேல்பட்டை மட்டும் புதிதாக ஒட்டி ரீட்ரெட் செய்த பழைய டயர், குறைந்த காற்று எல்லாம் சேர்ந்தால் வெடிக்கும். பின்சக்கரத்தில் வெடித்தால் ஜோடி டயர் தாங்கும். ஆனால் அந்த ஒற்றை டயர் இருவர் பாரத்தைச் சுமந்து சீக்கிரமே அதுவும் போகும். முன்சக்கரத்தில் வெடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் ஓடும்.

சரக்கே எமனாவதும் உண்டு. 2025 நவம்பர் 3 அன்று தெலங்கானாவில் செவெல்லா அருகே ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் ஒன்று எதிரே வந்த அரசு பஸ்ஸின் மீது மோதியது. மோதலில் பஸ்ஸின் பக்கம் கிழிந்து, டிப்பரில் இருந்த ஜல்லி உள்ளே சரிந்தது. இருக்கையில் இருந்தபடியே பயணிகள் அதற்குள் புதைந்தார்கள். ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, தார்ப்பாய் போடாமல் விளிம்புக்கு மேல் குவித்த ஜல்லியோடு போகும் எந்த டிப்பரையும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

கமான் பட்டை, அதாவது அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் வில் போன்ற இரும்புப் பட்டைகள், பற்றிய விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பாரம் தாங்காமல் வண்டி பின்னால் அமுங்குகிறது என்றால், பட்டறைக்குப் போய்க் கூடுதலாக இரண்டு பட்டை சொருகிக்கொள்கிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவர்களுக்குப் பாரம் இருப்பதே தெரியாது. ஆனால் அதனால் பிரேக்கில் ஒரு துளி பலம் கூடவில்லை, டயருக்குச் சுமை ஒரு கிலோ குறையவில்லை. அச்சும் ஹப்பும் பழையவைதான். ஆபத்தின் அடையாளத்தை மட்டும் மறைத்துவிட்டு ஆபத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் வேலை இது. நான் பார்த்தவற்றிலேயே என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான்.

மெதுவாகப் போவதும் ஆபத்துதான்

கனத்த லாரி என்றாலே வேகமாக வந்து மோதுவதுதான் நினைவுக்கு வரும். மெதுவாகப் போவதாலும் நின்றுவிடுவதாலும் ஏற்படும் சாவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாஸிங்குக்கு மேல் பத்து டன் ஏற்றிய லாரி மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். பின்னால் 80-ல் வரும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது ஓடும் வண்டி மாதிரியே இருக்காது, இருட்டில் நிற்கும் சுவர் மாதிரி இருக்கும். மண் படிந்த பின்விளக்கு, உரிந்துபோன ஒளிரும் பட்டை. லாரியின் பின்தளம் கார் கண்ணாடியின் உயரத்தில் இருப்பதால், மோதும்போது காரின் முன்பகுதி அடியில் போய்விட, அடி நேரே தலைக்கு வரும். இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஓர் இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. டிப்பர்களில் அது வளைந்தோ அறுந்தோ கிடப்பதைப் பார்க்கலாம்.

அச்சு முறிந்தோ டயர் வெடித்தோ நடுரோட்டில் நின்றுபோகும் லாரிகளும் பாரத்தின் விளைவுதான். முக்கோணப் பலகை வைப்பவர்கள் குறைவு. நாலு கல்லை அடுக்கி, ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போய்விடுவார்கள். இரவு ஒரு மணிக்கு அந்தக் கிளை யார் கண்ணில் படும்? வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் கல் மட்டும் அங்கேயே கிடந்து மறுநாள் ஒரு டிவிஎஸ் ஐம்பதுக்காரரைக் கவிழ்க்கும்.

நான்கு மடங்குக் கணக்கு

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. புதிதாகச் சாலைகளைப் போட்டு, அவற்றின் மேல் வெவ்வேறு அச்சு எடை கொண்ட லாரிகளை இரவு பகலாக ஓட்டி, எது எவ்வளவு சேதம் செய்கிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து வந்த விதியை உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சின் எடையைப் போல ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறும். அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு ஆகாது. இரண்டை நான்கு முறை பெருக்கி 16 மடங்காகும்.

என் லாரி 40 சதவீதம் கூடுதலாகச் சுமந்தது. 1.4-ஐ நான்கு முறை பெருக்கினால் 3.8 வருகிறது. அந்த ஒரே நடையில் சாலைக்கு ஏறக்குறைய நான்கு நடையின் சேதம்.

"ஏற்றினால் நடை குறையும்தானே, மொத்தத்தில் ஒன்றுதான்" என்று குவாரி ஆட்கள் சொல்வார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். 36 யூனிட் மணல் வேண்டும் என்றால், ஆறு ஆறாக ஏற்றி 6 நடை. சேதம் 6 தடவை 3.8, அதாவது 23. மூன்றரை யூனிட் வீதம் சட்டப்படி ஏற்றினால் 10 நடையும் கொஞ்சமும். சேதம் 10 அளவில்தான். நடை குறைந்தும் சாலை இரண்டு மடங்குக்கு மேல் நாசமாகிறது.

இதில் பாதுகாப்பு எங்கே வருகிறது என்றால், குவாரியிலிருந்து ஊருக்குள் வரும் கிராமச் சாலைகள் இந்தப் பாரத்துக்காகப் போட்டவையே அல்ல. ஒரு மழைக்காலத்தில் டயர் தடம் அமுங்கி வாய்க்காலாகும், ஓரம் உடையும், குழி விழும். அந்தக் குழியில் விழுவது லாரி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரும் பெண்ணும், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரரும்தான்.

யார் ஏற்றச் சொன்னது?

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்? லாரிக்காரர்களிடம் பேசியபோது கிடைத்த பதில் பேராசை அல்ல, கணக்கு. டீசல், டோல், தவணை, டயர், ஓட்டுநர் படி எல்லாம் நடைக்குத்தான் ஆகின்றன, டன்னுக்கு அல்ல. பக்கத்து லாரிக்காரர் ஆறு யூனிட் ஏற்றி ஒரு விலை சொல்லும்போது, மூன்றரை ஏற்றுபவர் அதே விலைக்கு ஓட முடியாது. நேர்மையாக ஓட்டுபவரைச் சந்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஓட்டுநருக்கு இதில் வாயே கிடையாது. ஏற்றுவது குவாரி, ஏற்றச் சொல்வது வாங்குபவர், சம்மதிப்பது முதலாளி. இறக்கத்தில் பிரேக் பிடிக்காதபோது மட்டும் ஸ்டியரிங்கில் தனியாக இருப்பவர் அவர்.

சட்டம் இதை ஓரளவு புரிந்துவைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, அனுமதித்த எடைக்கு மேல் ஓட்டக் கூடாது என்கிறது. ஓட்டியவர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோதான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 114-ஆவது பிரிவு வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லவும், கூடுதல் சரக்கை இறக்கச் சொல்லவும் அதிகாரம் தருகிறது. 194-ஆவது பிரிவின் தண்டனை 2019 செப்டம்பர் 1 முதல் கடுமையானது. 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் இதற்குள் வருவார்கள். கூடுதல் சரக்கை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது.

என் எடைச் சீட்டின்படி அன்றைக்குப் பிடித்திருந்தால் 20,000-மும் 11 டன்னுக்கு 22,000-மும் சேர்த்து 42,000 ரூபாய். எடை போட மறுத்து ஓடிவிட்டால் அபராதம் 40,000. மறுப்பதற்கான தண்டனை ஏற்றியதற்கான தண்டனையைவிடக் குறைவாக இருப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, அபராதத்தை வாங்கிக்கொண்டு சரக்கை இறக்காமலே வண்டியை அனுப்பிவிடுவது. பணம் கட்டிய ரசீதால் பிரேக் பிடிக்காது. ஒரு காலத்தில் சில மாநிலங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அதிகப் பாரத்துக்கு அனுமதி அட்டையே கொடுத்துவந்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அட்டை ஒழிந்தது, மனப்பான்மை இன்னும் ஒழியவில்லை.

சாலையில் அடையாளம் காண

அதிகப் பாரம் ஏற்றிய லாரியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பின்சக்கரத்தின் மேலே கமான் பட்டை வில் போல வளையாமல் தட்டையாகவோ கீழ்நோக்கியோ இருக்கும். டயரின் அடிப்பகுதி பிதுங்கி, ஜோடி டயர்களின் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். வேகத்தடையில் ஏறும்போது ஆமை போல ஏறி, இறங்கும்போது நெளிந்துகொண்டே இறங்கும். நேர்ச்சாலையிலும் பின்பகுதி மெல்ல ஆடும்.

அப்படி ஒன்றைக் கண்டால், இறக்கத்தில் அதற்கு முன்னால் போய் நிற்காதீர்கள். முந்திவிட்டு உடனே உள்ளே நுழைந்து பிரேக் போடுவது, மேலே சொன்ன அந்த 39 மீட்டருக்குள் நாமே போய் உட்காருவதுதான். ஏற்றத்தில் அதன் பின்பக்கத்தை ஒட்டிப் போகாதீர்கள், கிளட்ச் விட்டால் பின்னோக்கி உருளும். வளைவில் அதன் பக்கவாட்டில் இணையாகப் போகவே கூடாது. புகையோடு லைனர் கருகும் வாசனை வந்தால், முடிந்தவரை இடம் விட்டு ஒதுங்கி, அதைப் போகவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டாவது தளம் போடும்போது நடைக்கு மூன்றரை யூனிட்தான் வேண்டும் என்று சொன்னேன். குவாரியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வாடகை நடைக்கு நடை கூடியது, கையைக் கடித்தது, மறைக்க விரும்பவில்லை. கடைசி நடைக்கு மறுபடியும் எடை மேடை வரை போனேன். மொத்த எடை 27,820 கிலோ என்று சீட்டு வந்தது. பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். பக்கத்து டீக்கடையில் ஓட்டுநரோடு நின்றேன். ஊர் எல்லையில் இருக்கும் இறக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "இன்றைக்கு இறக்கத்தில் ஒரு தடவைதான் அண்ணா பிரேக்கைத் தொட்டேன்" என்றார்.